அலங்காரம் என்ற சொல் செய்த குழப்பம்: டர்பனில் இன்டீரியர் டிசைனர் ஆக என்ன வேண்டும்?

ஒரு சனிக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சமையலறையை அளந்துகொண்டிருந்தேன். ஒரே நடுச்சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் பழைய கவுன்சில் (நகராட்சி கட்டிய) வீடு. வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆயா பொறுமை இழந்து கேட்டார்: "என்ன கலர் அடிக்கப் போறே கண்ணு?"

"கலர் கடைசியில ஆயா. உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய பானை எது, அதை முதல்ல காட்டுங்க."

பின்பக்கத்திலிருந்து பிரியாணிப் பானை வந்தது. மூடியோடு உயரம் 410 மில்லிமீட்டர். கேட்டலாக்கில் நாங்கள் பார்த்து வைத்திருந்த அலமாரியில் தட்டுக்குத் தட்டு இடைவெளி 350. அந்த அலமாரியை வாங்கி மாட்டியிருந்தால் பானை மறுபடியும் பின்கட்டுத் தரையில்தான் உட்கார்ந்திருக்கும்.

மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் பேத்தி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நன்றாக வரைவாளாம், கலர் சேர்ப்பதில் ருசி உண்டாம். "நானும் இந்த வேலைக்கு வரலாமா?" என்று கேட்டாள். வரலாம். ஆனால் ருசியும் வரையும் கையும் இந்த வேலையில் சின்னப் பங்குதான். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குழப்பம் நம் மொழியிலேயே தொடங்குகிறது. தமிழில் இதை 'உள் அலங்காரம்' என்று எழுதி எழுதி, கொலுப்படிக்குத் துணி விரிப்பது போன்ற வேலை என்ற நினைப்பு வந்துவிட்டது. அலங்காரம் இதில் ஒரு பகுதி. திரைச்சீலை, வண்ணம், சோபா என்று தேர்ந்து கொடுப்பவர் டெக்கரேட்டர். அறை எப்படிப் பயன்படப் போகிறது, எங்கே நடப்பார்கள், எங்கே விளக்கு, எங்கே பிளக், எந்தப் பலகை, எந்த அளவு என்று முடிவு செய்து, தச்சரும் எலக்ட்ரீஷியனும் பார்த்து வேலை செய்யும்படி படம் போட்டுக் கொடுப்பவர் டிசைனர். சுவர், படிக்கட்டு, கட்டடத்தின் உள்ளமைப்பு வரை கை வைப்பது இன்டீரியர் ஆர்க்கிடெக்சர். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. விசிட்டிங் கார்டில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். வேலையில் இறங்கினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட 2000-ஆம் ஆண்டின் 44-ஆம் எண் சட்டப்படி கட்டடக்கலைத் தொழில் மன்றமான சாகாப்பில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் மாட்டினால் குற்றம். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிச் சட்டப் பதிவு எதுவும் கிடையாது. ஐ.ஐ.டி. என்று ஒரு தொழில் அமைப்பு இருக்கிறது (நம் ஊர் ஐ.ஐ.டி. இல்லை, இது உள்வடிவமைப்புத் தொழிலுக்கான ஆப்பிரிக்க நிறுவனம்). தகுதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான சாக்வா இதைத் தொழில் அமைப்பாக அங்கீகரித்திருக்கிறது. உறுப்பினரானால் மதிப்பு கூடும். ஆகாவிட்டால் தொழில் செய்யக் கூடாது என்று யாரும் தடுக்க முடியாது.

கதவு திறந்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம். நானும் பட்டேன். ஆனால் வாசலில் காவல் இல்லாத தொழிலில் நம் வேலை எங்கே முடிகிறது என்ற கோட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே வேலை தெரியாமல் கெட்டவர்களைவிட அந்தக் கோடு தெரியாமல் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கோடு எங்கெல்லாம் ஓடுகிறது? சுவரை இடிக்க வேண்டும், கழிவுக் குழாயை நகர்த்த வேண்டும் என்றால் அது 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டட விதிச் சட்டத்துக்குள் வந்துவிடும். நகராட்சிக்குப் பிளான் போக வேண்டும், அதைச் சாகாப்பில் பதிந்தவர் போட வேண்டும். கடலோர அம்லாங்கா பக்கம் அடுக்குமாடியில் வேலை என்றால் பாடி கார்ப்பரேட்டின் (வீட்டு உரிமையாளர் சங்கத்தின்) அனுமதி தனி. மின் இணைப்பில் கை வைத்தால் பதிவு பெற்றவர் சான்ஸ் (தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநிலை) 10142 விதிப்படி இணக்கச் சான்று தர வேண்டும். கேஸ் அடுப்புக்கும் தனிச் சான்று உண்டு. மேடையில் நான்கு பர்னர் வரைந்துவிட்டுப் போவது எளிது. வெளியே சிலிண்டர் எங்கே நிற்கும்? கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 1 மீட்டர், சாக்கடை வாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நெருக்கிக் கட்டிய கவுன்சில் வீட்டில் அந்த இடம் கிடைக்கவில்லை என்றால் உள்ளே போட்ட படம் முழுவதும் வீண்.

என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் வராந்தாவை அடைத்துச் சாப்பாட்டு அறை ஆக்கித் தரும்படி கேட்டார்கள். அழகாக வரைந்தேன், நல்ல கண்ணாடி, நல்ல டைல். பிளான் போட வந்த நண்பர் படத்தைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "உள்ளே இருக்கிற படுக்கை அறைக்கு ஜன்னல் எங்கே?" அந்த அறையின் ஒரே ஜன்னல் வராந்தாவைப் பார்த்திருந்தது. வராந்தாவை அடைத்ததும் அது வெளியே திறக்காமல் சாப்பாட்டு அறைக்குள் திறக்கும் ஜன்னலாகிவிட்டது. சான்ஸ் 10400 விதிப்படி வசிக்கும் அறையில் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சம் வரும் திறப்பு வேண்டும். 12 சதுர மீட்டர் அறை என்றால் 1.2 சதுர மீட்டர். காற்று வரத் திறக்கும் பகுதி அதில் பாதி. நான் வரைந்த அறை நன்றாகத்தான் இருந்தது, பக்கத்து அறையை இருட்டாக்கிவிட்டேன். இரண்டு வாரக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

இங்கே இந்த வேலை எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. கரும்புக் காட்டுக்கு என்று கொண்டுவரப்பட்டவர்கள் பத்திருபது வருடத்தில் கோயில் கட்டத் தொடங்கினார்கள். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தின் பழைய கோயில்களைக் கட்டியவர்கள் வரிசையில் கொத்தனார் ராம்சாமி பிள்ளை, அழகப் பிள்ளை, கிஸ்தப்பா ரெட்டி போன்ற பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. கொத்தனார் என்பது பெயரோடு ஒட்டியே வந்துவிட்டது பாருங்கள். அப்புறம் 1950-இல், எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம். கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்களை எழுப்பி 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கும், 1970-களிலிருந்து ஃபீனிக்ஸுக்கும் அனுப்பினார்கள். ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான வீடுகள், நம் குடும்ப அளவை நினைத்துப் பார்க்காமல் கட்டிய சமையலறைகள். அந்த வீடுகளைத்தான் மூன்று தலைமுறையாக நீட்டியும் பிரித்தும் கட்டிக்கொண்டிருக்கிறோம். பின்பக்கம் ஒரு ஷெட், அதில் ஒரு அடுப்பு, மாடியில் ஒரு அறை. படிக்காத டிசைனர்கள் சாட்ஸ்வொர்த் முழுக்க இருந்தார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் செய்ததைப் படமாகப் போட்டு வைக்க மட்டும் ஆள் இல்லை.

சரி, படிப்பு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இன்டீரியர் டிசைன் மூன்று வருட டிப்ளமா இருக்கிறது. எம். எல். சுல்தான் டெக்னிகானும் (தொழில்நுட்பக் கல்லூரி) டெக்னிகான் நேட்டாலும் 2002-இல் ஒன்றாகி உருவான நிறுவனம் அது. அந்த எம். எல். சுல்தான் கொல்லத்திலிருந்து கூலியாக வந்தவர். கேப்டவுனில் கேப் பெனின்சுலா, பிரிட்டோரியாவில் ட்ஷ்வானே, ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இந்தத் துறை உண்டு. இன்ஸ்கேப் போன்ற தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது கட்டணத்தை. ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு மேல் போகாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசின் என்.எஸ்.ஃபாஸ் கல்வி உதவி கிடைக்கும். ஆனால் அது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிகளுக்கும் மட்டும். தனியாரில் சேர்ந்தால் முழுக் கட்டணமும் நம் தலையில். சேரும் முன்பு படிப்பு சாக்வாவில் பதிவாகியிருக்கிறதா, எந்த என்.க்யூ.எஃப். (தேசியத் தகுதி வரிசை) நிலை என்று பார்த்துவிடுங்கள். டிப்ளமா 6, பட்டம் 7. ஆறு வாரம் கற்றுக்கொடுத்துத் தங்க நிறச் சான்றிதழ் தருபவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சான்றிதழ் சுவருக்கு நல்ல அலங்காரம்.

போர்ட்ஃபோலியோ கேட்பார்கள். அழகான கனவு அறைகளை வரைந்து அனுப்புகிறார்கள் பிள்ளைகள். என்னைக் கேட்டால் சொந்த வீட்டுக் குளியலறையை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து, மேலிருந்து ஒரு படம், நான்கு சுவருக்கும் நேர்ப்படம் போட்டு வையுங்கள். பார்ப்பவர் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் என்ற வரைபட மென்பொருள் எல்லாம் அதற்கு அப்புறம் வரும். பலகை தயாரிக்கும் பிஜி பைசன் நிறுவனம் கட்டடக்கலை, உள்வடிவமைப்பு மாணவர்களுக்கு 1.618 என்று தங்க விகிதத்தின் பெயரிலேயே ஒரு போட்டி நடத்துகிறது. படிக்கும்போதே அதைக் கண்ணில் வைத்திருப்பது நல்லது.

ஆனால் கல்லூரியில் மெதுவாகவும் பட்டறையில் வேகமாகவும் கற்கும் பாடம் ஒன்று உண்டு: பலகை. இங்கே மெலமைன் பூச்சுப் பலகை வரும் அளவு 2750-க்கு 1830 மில்லிமீட்டர், கனம் 16. அலமாரியின் ஆழம் 600 என்று வைத்தால் 1830 அகலத்தில் மூன்று பட்டை கிடைக்கும், ரம்பம் தின்னும் சில மில்லிமீட்டர் போக. "கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்று 620 ஆக்கினால் இரண்டு பட்டைதான். மூன்றாவது 590-க்கும் கீழே போய்விடும், உள்தட்டுக்கு ஆகும், பக்கப்பலகைக்கு ஆகாது. வெறும் 20 மில்லிமீட்டரில் ஒரு சமையலறைக்குக் கூடுதலாக எத்தனை பலகை வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டுப் பட்டியல் எழுதத் தெரிந்த டிசைனருக்குப் பட்டறையில் கிடைக்கும் மரியாதையே தனி. டர்பனில் பி.ஐ.சி. (சுவரோடு சேர்ந்த அலமாரி) போடும் கடை எதிலும் ஆறு மாதம் நின்றால் இது கைக்கு வந்துவிடும்.

டர்பனின் காற்று அடுத்த வாத்தியார். ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்த போட்டோவைக் காட்டி "இதே மாதிரி" என்பார்கள். அங்கே காற்று வறண்டது, இங்கே கோடையில் துணிகூடச் சரியாகக் காயாது. சிங்க் அடியில் சாதாரண சிப்போர்டு வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் பொங்கிவிடும். ஈரம் தாங்கும் பலகை அல்லது பிளைவுட், தரையிலிருந்து தூக்கி நிறுத்தப் பிளாஸ்டிக் கால், எல்லா ஓரத்துக்கும் எட்ஜிங் (ஓரப்பட்டை), கண்ணுக்குத் தெரியாத பின் ஓரத்துக்கும் சேர்த்து. கடலோரம் என்றால் கீலும் கைப்பிடியும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 வகையும் புள்ளி விழும், 316 வகை தாக்குப் பிடிக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு ஈரம் என்ற சொல்லை இந்த ஊரில் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

வாஸ்து கேட்காத வீடு நம்மவர்களில் குறைவு. நான் அதைக் கிண்டல் செய்யும் ஆள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. டர்பன் தெற்கு அட்சம் 30-ஐ ஒட்டி இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் வடக்கே தான். ஜூன் மாதம் தாழ்ந்து வந்து வடக்கு ஜன்னல் வழியே அறைக்குள் நீண்டு படுக்கும். தெற்குச் சுவருக்குக் குளிர்காலத்தில் வெயிலே கிடையாது. குளிர்க் காற்றும் மழையும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். ஈசானிய (வடகிழக்கு) மூலையில் பூஜை அறை கேட்டால் சந்தோஷமாகச் செய்து தருவேன், காலை வெயிலும் வடக்கு வெளிச்சமும் சேர்ந்து இங்கே அந்த மூலை ஊரைவிட நன்றாகவே அமையும். கன்னி (தென்மேற்கு) மூலையில் பெரியவர்கள் படுக்கை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மழை அடிக்கும் சுவர் அது, அந்தச் சுவரில் அலமாரி ஒட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி, காற்றோட விட்டு, படுக்கையை அங்கேயே வைத்துக் கொடுத்திருக்கிறேன். சாஸ்திரத்துக்கும் சரி, சுவருக்கும் சரி.

நம் வீட்டுப் பழக்கம் தெரிவது ஒரு முதலீடு. ஷோரூமில் இருக்கும் திறந்த சமையலறையை நம்பி வரவேற்பறையோடு சேர்த்துவிட்டால், ஒரு தாளிப்பில் சோபா முழுக்க கடுகு வாசம். இந்த நாட்டில் ஸ்கல்லரி என்று முன் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை வைப்பது வழக்கமாகிவிட்டது, பாத்திரம் கழுவ, அழுக்கை மறைக்க. நம்மவர்கள் பின்கட்டில் அடுப்பு வைத்துச் செய்துகொண்டிருந்ததன் பணக்காரத் தம்பி அது. அதற்குள் ஒரு கேஸ் அடுப்பும் நல்ல எக்ஸ்ட்ராக்டரும் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வெள்ளைக் கல் மேடை கேட்பவர்களிடம் மஞ்சள் கறையைப் பற்றி எழுதியே கொடுத்துவிடுவேன். புரட்டாசியில் விரதச் சமையலுக்குத் தனிப் பாத்திரம் எடுக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கு மேல்தட்டில் மூடிய ஓர் அலமாரி. வருடத்தில் ஒரு மாதம்தான் முழுதாகத் திறக்கும், ஆனால் அது இல்லாத சமையலறையை அந்த வீட்டு அம்மா ஏற்றுக்கொள்ள மாட்டார். பூஜை அறையில் விளக்கின் சுடருக்கு நேர் மேலே மெலமைன் தட்டு வரக் கூடாது. கற்பூரக் கரி படியும் இடத்தில் துடைக்கக்கூடிய டைல் வேண்டும். 2023-இல் லோட் ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) உச்சத்துக்குப் போனதிலிருந்து இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் காற்றோட்டமுள்ள ஓர் இடத்தைப் படத்திலேயே ஒதுக்கிவிடுகிறேன். இப்போது மின்சாரம் பரவாயில்லை, இருந்தாலும் யாரும் அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தொடக்கத்தில் சம்பளம் குறைவு. கிச்சன் கம்பெனி, கடை உள்கட்டு செய்யும் ஷாப்ஃபிட்டர், ஹோட்டல் வேலை எடுக்கும் ஸ்டூடியோ என்று எங்காவது சேருவதுதான் நடைமுறை. தனியாகப் போனால் மணிக் கணக்கு, முழு வேலைக்கும் ஒரே தொகை, வேலைச் செலவில் ஒரு சதவீதம் என்று மூன்று விதமாகக் கூலி பேசுகிறார்கள். கடைக்காரர் தரும் தள்ளுபடியைத் தானே வைத்துக்கொள்வது நான்காவது விதம். வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொண்டால் வியாபாரம். சொல்லாமல் வைத்துக்கொண்டால், நம் சமூகம் எவ்வளவு சின்னது என்பது தெரியுமே, அடுத்த கல்யாண வீட்டுக்குள் செய்தி போயிருக்கும். விற்றுக் கொடுக்கும் பொருளுக்கு 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி ஆறு மாதம் பொறுப்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய கம்பெனி, அரசு வேலைகளுக்கு பி.இ.இ. நிலை கேட்பார்கள். இனவொதுக்கலில் ஒடுக்கப்பட்ட கறுப்பர், இந்தியர் போன்றவர்களின் நிறுவனங்களுக்கு முன்னுரிமை தரும் சட்டத்தின் தரவரிசை அது. பொது விதிப்படி ஆண்டு வரவு 10 மில்லியன் ரேண்டுக்குள் இருந்து, நிறுவனம் முழுவதும் இந்திய வம்சாவளி தென்னாப்பிரிக்கர் கையில் இருந்தால், உறுதிமொழிப் பத்திரம் ஒன்றிலேயே முதல் நிலை கிடைத்துவிடும். கட்டுமானத் துறைக்கு வரம்பு வேறு. சமீபத்தில் சென்னையிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இது பொருந்தாது, 1994 ஏப்ரல் 27-க்கு முன்பே குடிமகனாக இருந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும்தான் கணக்கு. இரு தரப்பும் கூட்டுச் சேரும்போது இதைப் பேசாமல் விட்டுப் பிற்பாடு சங்கடப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

வருடத்தின் கணக்கும் தனி. எல்லோருக்கும் தீபாவளிக்குள் சமையலறை முடிய வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை கட்டட வேலைக்காரர்கள் மொத்தமாக விடுமுறை. பலகை, கல், கீல் எதுவும் நகராது. ஆகஸ்டில் படம் முடியாத வேலையை அக்டோபரில் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான்.

அந்தப் பேத்திக்கு டேப் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆயாவின் சமையலறையை நீயே அளந்து ஒரு படம் போட்டு அனுப்பு என்றேன். அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது. சுவர் நான்கும் சரி, ஜன்னல் உயரம் சரி, சிங்க்கின் குழாய் எங்கே வருகிறது என்பது வரை குறித்திருந்தாள். கீழ் அலமாரிக்குள் பானையை வரைந்து பக்கத்தில் 410 என்று எழுதியிருந்தாள். பின்கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்பதை மட்டும் விட்டுவிட்டாள். கேட்டு அனுப்பியிருக்கிறேன்.